ஒரு அண்டா தாட்சண்யம்

"மகளுக்குக் கல்யாணம் எஜமான். தாட்சண்யம் பார்த்து நாலு நாள் லீவு கொடுங்க" என்று ஜமீன்தாரிடம் கெஞ்சினார் சமையல்காரர் கோமதிநாயகம்.

"தாட்சண்யமா? அது கறுப்பா சிவப்பா? நாளைக்கு விருந்தில் என் கண்ணுக்குக் காட்டு. அப்புறம்தான் லீவு!"

மறுநாள் வழக்கம்போல ஜமீன்தாரே தன் கையால் பாயசம் பரிமாறினார். அறுபது விருந்தாளிகளும் கண்ணீர் மல்கக் குடித்துவிட்டு, "பேஷ்! பேஷ்!" என்றார்கள். இரண்டாவது கரண்டியையும் வாங்கிக்கொண்டார்கள். பூரித்துப்போன ஜமீன்தார் தானும் ஒரு வாய் வைத்தார்.

"தூ! ஒரே உப்பு! என்னடா இது?"

"எஜமான் கையால ஊத்தினதை வேண்டாம்னு சொல்ல மனசு வராம இத்தனை பேரும் முழுங்கினாங்களே, அதுதான் தாட்சண்யம். நல்லாத் தெரிஞ்சுதுங்களா? இல்லேன்னா, அண்டாவுல இன்னும் பாதி இருக்கு."

அறுபது பேரும் எழுந்து கும்பிட்டார்கள். "எஜமான், அவருக்கு லீவைக் கொடுத்துடுங்க!"