சோயாவுக்குக் கிடைத்த அனுமதி

அநியாயம் நடந்தது மெஹருன்னிசாவுக்கு. எங்கள் பல்கலைக்கழகத்தில் உணவியல் ஆய்வு மாணவி. அவள் சொன்ன ஒரு ‘லாம்’ பட்டப்பகலில் களவாடப்பட்டது. களவாடியது ஆண்கள் விடுதியின் மெஸ் கமிட்டி.

ஆண்கள், பெண்கள் இரண்டு விடுதிக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி, சாவி அவர்களிடம். இரண்டு விடுதியிலும் வயிற்றுப்போக்கு. தொட்டியைக் கழுவச் சொல்லத்தான் அவள் போனாள்.

“சாப்பாட்டுல ஏதாவது மாத்தணுமாக்கா?” என்று கேட்டான் தலைவன் வெள்ளியங்கிரி.

கேட்டுவிட்டானே என்று சொன்னாள்: “சோயாவுல தாவர ஈஸ்ட்ரோஜன் இருக்கு. பெண் ஹார்மோன் மாதிரி ஒரு பொருள். அது குடல் தொற்றுலேருந்து காக்கலாம். எலிகள்லதான் பாத்திருக்காங்க, மனுஷங்களுக்கு இன்னும் உறுதியில்ல. நீங்க முதல்ல தொட்டியக் கழுவுங்க.”

அவள் படியிறங்கியதும் கமிட்டி கூடியது.

“காக்கலாம்னுட்டாங்க. அனுமதி கிடைச்சிருச்சு,” என்றான் வெள்ளியங்கிரி. “பாவம் சோயா, இத்தனை நாளா காக்க ஆசையிருந்தும் சும்மா இருந்திருக்கு.”

“எலி விஷயமும் உண்மைதான்,” என்றான் குற்றாலிங்கம். “நம்ம சமையலறை எலி ஒண்ணாவது வயித்தப் புடிச்சுக்கிட்டுப் போய்ப் பாத்திருக்கியா?”

அருளப்பன் மட்டும் முகம் சுளித்தான். “பெண் ஹார்மோன்டா. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பெண்கள் நம்ம விடுதிக்குள்ள இருக்கக் கூடாது. விதி.”

“மதியம் மட்டும் போடுவோம்.”

“மதியம் சாப்பிட்டது ஆறு மணிக்கு எங்க இருக்கும்? உள்ளதான?”

அதற்கும் கமிட்டி ஒரு வழி கண்டுபிடித்தது. மதியம் சோயா பரிமாறப்பட்டது. அன்று மாலை, சோயா தின்றவர்கள் எல்லாரும் தலையணையோடு வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சியவர்களிடம், “உன்னைச் சொல்லலப்பா, உள்ள இருக்கறதைச் சொல்றேன்,” என்றான் அருளப்பன்.

கொசுக்கடி தாங்காமல் மறுநாள் தீர்மானத்தை மாற்றினார்கள். சோயா வெளியே இருந்தே காக்கட்டும். வெளியே என்றால் எங்கே? தொட்டி வெளியேதானே இருக்கிறது. ஒரு மூட்டை சோயாவைக் கட்டி உள்ளே இறக்கினார்கள். காவலுக்கு ஆள் போட்டாயிற்று, இனிக் கழுவுவானேன்?

காவலாளி ஊறினார், உப்பினார், அழுகினார். அதுவரை தப்பித்திருந்தவர்களும் படுத்தார்கள்.

உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கையில் பிடித்தபடி, சுவரைப் பிடித்து நடந்து மெஹருன்னிசா மறுபடி போனாள். “தம்பிகளா, தொட்டியக் கழுவப் போறீங்களா இல்லையா?”

மூவரும் தனியே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். வெள்ளியங்கிரி தொண்டையைச் செருமினான்.

“கழுவலாம்.”

அவள் காத்திருந்தாள். யாரும் அசையவில்லை.

“எப்ப?”

“எங்க பக்கம் அனுமதி குடுத்தாச்சுக்கா. இனிமே தொட்டிதான் கழுவிக்கணும்.”