பிணத்துக்கு ஒரு வசனம்

கோடம்பாக்கத்தில் துணை நடிகர் தங்கப்பழத்தைப் போல அழகாகச் செத்துக்கிடக்க ஆள் கிடையாது. எத்தனையோ கதாநாயகர்களுக்கு அப்பாவாகச் செத்துவிட்டார். ஒருவனிடமாவது ஒரு வார்த்தை பேசிவிட்டுச் சாக வேண்டும் என்பதுதான் அவருடைய ஏக்கம்.

அன்றும் கேட்டுப் பார்த்தார். "சார், சாகறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வசனம்..."

இயக்குநர் சீறினார். "பிணத்துக்கு என்னய்யா வசனம்? அசையாம கிட. அதுதான் உன் நடிப்பு!"

கிடந்தார். கதாநாயகன் கிளிசரின் போட்டு அழுது முடித்தான். பிணமாக நடித்தவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரித்தால்தான் தோஷம் கழியும். இல்லாவிட்டால் படத்துக்கே ஆகாது என்பது சினிமாக்காரர்கள் நம்பிக்கை.

"எழுந்து சிரிய்யா" என்றார் இயக்குநர்.

தங்கப்பழம் அசையவில்லை. தயாரிப்பாளருக்கு வியர்த்துக் கொட்டியது. "யோவ், சிரிச்சுத் தொலையேன்!" என்று கத்தினார் இயக்குநர்.

கண்ணைத் திறக்காமலே பதில் வந்தது. "பிணத்துக்கு என்ன சார் சிரிப்பு? அசையாம கிடக்கறதுதானே நடிப்பு?"

சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். இயக்குநர் பல்லைக் கடித்துக்கொண்டு, "சரி, ஒரே ஒரு வசனம்" என்றார்.

கேமரா ஓடியது. தங்கப்பழம் கதாநாயகனின் கன்னத்தைத் தொட்டு, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டுச் செத்தார்.

கதாநாயகன் அழுதான். கிளிசரினை யாரும் தேடவில்லை.

பிறகு தங்கப்பழம் எழுந்து சிரித்தார். இத்தனை வருஷத்தில் அவர் நடிக்காமல் சிரித்தது அன்றைக்குத்தான்.