ராஜாளி உதறிய சிவப்பு

கடலோர ஊர் ஒன்றில் ராஜாளி என்றொரு வள்ளம் இருந்தது. கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவர்களை ஏற்றிச் செல்வது அதன் தொழில். பாய் விரித்தால் அதற்கு இணையில்லை. திருவிழாப் பந்தயத்தில் எப்போதும் அதுதான் முதல்.

அந்த வேகம் தன் அடிப்பலகையில் பூசிய சிவப்புச் சாயத்தால் வந்தது என்று ராஜாளி நம்பியது.

“பாசியோ சிப்பியோ, உன்மேல் ஒட்ட வந்தால் செத்தது” என்று சாயம் மார்தட்டும். கேட்கக் கேட்க ராஜாளிக்கும் கர்வம் ஏறும்.

ஒரு நண்பகலில், நங்கூரமிட்டு நின்ற ராஜாளியின் நிழலுக்கு ஒரு பெண்சங்கு ஊர்ந்து வந்தது.

“என்ன, ஒட்ட வந்தாயா?” என்று சிரித்தது ராஜாளி.

“ஒட்டிப் பிழைக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. மணலில் நடந்து இரை தேடுகிறவள் நான். என் வயிற்றில் முட்டை இருக்கிறது. அது வெளியே வரும் வழி அடைத்துக்கொண்டது. இந்தத் துறையில் எல்லாப் பெண்சங்குகளுக்கும் இதே கதி. உன் சாயம் கரைந்து இறங்கும் மணலில்தான் நாங்கள் வாழ்கிறோம்.”

“உங்களைப் பிடிக்கிறவர்களைச் சுமப்பதே என் வேலை. என்னிடமா முறையிடுகிறாய்?”

சங்கு தலையை நிமிர்த்தியது. “பிடிபடுவதற்கு நான் அழவில்லை. சிலரைப் பிடித்தாலும் மற்றவர்கள் இருந்தோம். பிறக்கவே விடாமல் செய்வது வேறு. என் வழி இனித் திறக்காது. எனக்காகக் கேட்கவும் வரவில்லை, இனிப் பிறக்கவேண்டியவர்களுக்காகத்தான்.”

பதிலுக்குக் காத்திராமல் அது திரும்பி நடந்தது.

ராஜாளி சாயத்திடம் கேட்டது: “அது சொன்னது உண்மையா?”

“ஒட்டுவதைக் கொல்லச் சொன்னார்கள், கொல்கிறேன். உன்னை விட்டுக் கரைந்தபின் யார்மேல் படுகிறேன் என்று எனக்கென்ன தெரியும்?”

“யாரைக் கொல்கிறோம் என்று தெரியாத ஒன்றையா இத்தனை நாள் பெருமை என்று பூசிக்கொண்டு திரிந்தேன்!”

அப்போது வள்ளத்தின் சொந்தக்காரர் தஸ்நேவிஸ் நீருக்குள்ளிருந்து வெறும் பையோடு ஏறி வந்தார். அந்தப் பருவம் முழுக்க அப்படித்தான்.

“கீழ ஒரு குஞ்சுச் சங்குகூட கண்ணுல படல. எங்கதான் போச்சோ” என்று தலையைத் துவட்டினார்.

“எங்கேயும் போகவில்லை. பிறக்கவில்லை” என்றது ராஜாளி. சங்கு சொன்னதையெல்லாம் சொன்னது. “இந்தச் சாயத்தைச் சுரண்டிவிடுங்கள்.”

“சுரண்டிட்டா சிப்பி ஏறும்லா? பந்தயத்துல எல்லாரும் ஒன்ன முந்திட்டுப் போவானுவ. அதப் பொறுப்பியா?”

“பொறுப்பேன்.”

தஸ்நேவிஸ் வெறும் பையைப் பார்த்தார். பிறகு வள்ளத்தின் பக்கப்பலகையில் ஒரு தட்டுத் தட்டினார். “அப்ப எனக்கென்ன!”

வள்ளத்தைக் கரையேற்றிச் சுரண்டினார்கள். பலகைவரை வலித்தது, ராஜாளி முனகவில்லை. உதிர்ந்த சிவப்புத் தூள் ஒரு துளிகூடக் கடலுக்குப் போகாமல் சாக்கில் அள்ளிக் கட்டினார் தஸ்நேவிஸ். துறையில் மற்ற வள்ளங்களின் சாயம் கரைந்துகொண்டுதான் இருந்தது. அதனால் ராஜாளியை ஊருக்கு வெளியே, யாரும் நங்கூரமிடாத, அடியில் சுத்தமான மணல் கிடந்த கடலில் நிறுத்தினார். சிப்பிகள் ஒட்டத் தொடங்கின. ராஜாளிக்கு முதலில் கூசியது. பிறகு பழகிவிட்டது.

அடுத்த பருவத்தில் ஒருநாள் தஸ்நேவிஸ் மூழ்கியவர் சட்டென்று மேலே வந்தார். கையில் எதுவும் இல்லை. முகமெல்லாம் சிரிப்பு.

“போட்டிருக்கு ராஜாளி! நமக்குக் கீழயே சங்கு முட்ட போட்டிருக்கு! முறுக்குன கொம்பு மாதிரி மணல்ல நட்டுக்கிட்டு நிக்கி!”

“எடுத்தீர்களா?”

“அதப் போய்த் தொடுவேனா?”

அந்த வருடத் திருவிழாப் பந்தயத்தில் ராஜாளி கடைசியாக வந்தது. எல்லா வள்ளங்களும் கரைசேர்ந்து பாய் இறக்கியபின், கொத்துக் கொத்தாய்ச் சிப்பி தொங்க, மெதுவாக, தலை நிமிர்ந்து வந்தது.

“அடியில என்ன, தாடியா?” என்று முதலில் வந்த வள்ளம் கேட்டது. மற்றவை சிரித்தன.

ராஜாளியும் சிரித்தது.

“நீங்கள் தனியாக வந்தீர்கள். நான் குடும்பத்தோடு வந்தேன்.”