மைலேஜ் திருடன்

தேனிப் பக்கத்து ஏலக்காய் வியாபாரி கோதண்டபாணி, எந்த விழா மேடையிலும் சொந்த நாற்காலியில்தான் உட்காருவார். சிங்கத்தலை வைத்த அந்தத் தேக்கு நாற்காலி எப்போதும் அவர் காரின் கூரையில் கட்டியிருக்கும்.

ஒருநாள் டிரைவர் செல்லக்கிளி மேல் பாய்ந்தார். "லிட்டருக்குப் பதினெட்டு ஓடும்னு சொல்லித்தான் காரை வித்தான். பன்னெண்டுதான் ஓடுது. மிச்ச பெட்ரோலை எங்கே வித்தே? திருடனைக் காட்டு, இல்லேன்னா சாவியை வச்சிட்டுப் போ!"

"ரெண்டு நாள் கொடுங்கய்யா. நீங்களும் கூடவே வாங்க."

முதல் நாள் பெட்ரோல் பங்கில் டேங்கை வாய் வரை நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொண்டு, கம்பம் போய்த் திரும்பினார்கள். அதே பங்கில் செல்லக்கிளி மறுபடி நிரப்பினாள். ஓடிய தூரத்தைப் பிடித்த லிட்டரால் வகுத்தால் பன்னிரண்டு.

கோதண்டபாணி திருதிருவென விழித்தார். வழியெல்லாம் அவள் கையைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்!

மறுநாளும் அதே ரோடு, அதே வேகம். அன்றும் அவர் கண் அவள் கையை விட்டு நகரவில்லை. பதினாறு வந்தது.

"இன்னிக்கு மட்டும் எப்படித் திருடு போகலை?" என்று கத்தினார். பங்கில் கூட்டம் கூடிவிட்டது.

"காலையிலேயே திருடனைப் பிடிச்சிட்டேன்யா. உங்க கார் ஷெட் தூண்ல கயித்தால கட்டிப் போட்டிருக்கேன்."

கூட்டத்தோடு ஓடினார். தூணில் கட்டுண்டு கிடந்தது சிங்கத்தலை நாற்காலி.

"கூரை மேல காத்தை மறிச்சு மறிச்சே லிட்டருக்கு நாலு கிலோமீட்டரை முழுங்கியிருக்கான்யா. போலீஸைக் கூப்பிடட்டுங்களா, இல்ல நீங்களே மேல உட்கார்ந்து விசாரிக்கிறீங்களா?"