தொட்டி நிறைய மீன்கள்

முன்பொரு சமயம், நியான் என்ற சின்னஞ்சிறு மீன் ஒரு சத்தத்தைக் கேட்டு வளர்ந்தது. ஊருக்கு வெளியே இருந்த வண்ணமீன் பண்ணையில், அதன் இனத்தார் நூற்றுக்கணக்கானோர் ஒரே நொடியில் திரும்பும் சத்தம் அது. புதுச் சேலையை ஒருமுறை உதறினாற்போல் இருக்கும். முதலில் திரும்பியது யார் என்று யாருக்கும் தெரியாது. பயம் வந்தாலும் அப்படித்தான். ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரிந்து, ஒருவருக்கும் பாரமில்லாமல் கரைந்துவிடும்.

பல் டாக்டர் தேவசகாயம் தம் நோயாளிகள் காத்திருக்கும் அறைக்கு ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினார். மீன் எடுக்க நர்ஸ் பிளாரன்ஸும் கூடப் போனாள்.

"எல்லாத்துலயும் ஜோடி ஜோடியா எடுங்க சார். ஒத்தையில கெடந்தா பாவம்லா?"

நல்ல மனதோடுதான் சொன்னாள். மனிதருக்கு ஜோடி சேர்ந்தால் குடும்பம். கூட்டமாகவே பிறந்து கூட்டமாகவே திரும்பும் மீனுக்கு அப்படியில்லை என்பது இருவருக்கும் தெரியாது. பண்ணையில் கேட்கவும் தோன்றவில்லை. நீலக்கோடு போட்ட நியானில் இரண்டு, ஓடிக்கொண்டே இருக்கும் ஜீப்ராவில் இரண்டு, கறுப்புப் பட்டை போட்ட டைகரில் இரண்டு, இன்னும் என்னென்ன நிறம் உண்டோ அத்தனையிலும் இரண்டு.

வந்த வாரமே நியானின் துணை செத்துப்போயிற்று. நியான் ஜீப்ராக்களின் பின்னால் போய்ப் பார்த்தது.

"எங்க வேகம் உனக்கு வராது தாயி. மூச்சு வாங்குது பாரு, போய் உக்காரு" என்றது ஒரு ஜீப்ரா. சொல்லும்போதே தன் ஆட்கள் எங்கே என்று நாலு பக்கமும் தேடிக்கொண்டிருந்தது.

மூலையில் முணுமுணுத்துக்கொண்டிருந்த ஃபில்டர் பேசிற்று. "எல்லாருக்கும் ஒரே தண்ணியத்தான் குடுக்கேன். பாரபட்சம் உண்டா? உனக்கு மட்டும் என்ன குறை?"

"தண்ணியில குறையில்ல. எனக்கு என் ஆளுங்க வேணும்."

"அப்போ மத்தவங்களோட இருக்கப் பிடிக்கல, அதானே?"

நியானுக்குச் சுருக்கென்றது. "யார் அப்படிச் சொன்னா? பண்ணையிலும் வேற வேற ஆளுங்க இருந்தாங்க. அவங்களும் கூட்டம், நாங்களும் கூட்டம். ஒருத்தரைக் கண்டு ஒருத்தருக்குப் பயமில்ல. இங்க எங்களை ஜாடியில பூ வைக்கிற மாதிரி கிள்ளி வச்சிருக்கு. தொட்டி நிறைய மீன் இருக்கு. யாருக்கும் யாரும் இல்ல."

"நன்றி கெட்டது" என்றது ஃபில்டர்.

பேசி முடிப்பதற்குள் ஒரு டைகர் பாய்ந்து வந்து நியானின் வாலைக் கடித்தது.

"ஏண்டா இப்படிக் கடிக்கிற? நான் உனக்கு என்ன செஞ்சேன்?"

டைகர் வெட்கப்பட்டு விலகிற்று. "ஒண்ணும் செய்யல. எங்க கூட்டம் இருந்தா எங்களுக்குள்ளயே கடிச்சு விளையாடி ஓய்ஞ்சிருப்போம். இங்க யாரைப் போய்க் கடிக்க? ரவுடின்னு பேரு வேற வச்சுட்டாங்க."

நியானுக்கு அதன்மேல் இருந்த கோபம் இடம் மாறியது.

அப்போது டாக்டர் ஒரு விருந்தாளியை அழைத்து வந்தார். தினமும் செய்வதுபோல் விரலில் கிடந்த மோதிரத்தால் கண்ணாடியை டக் டக்கென்று தட்டினார். இடி விழுந்தாற்போல் தண்ணீர் அதிர்ந்தது. தொட்டியில் இருந்த அத்தனையும் ஓடிப்போய் பிளாஸ்டிக் செடிக்குப் பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டன.

"பாத்தீங்களா, எத்தனை வகை! எப்படி ஒத்துமையா கூடுது! மனுசன் இதப் பாத்துப் படிக்கணும்."

விருந்தாளி கைதட்டாத குறைதான்.

அந்த நெரிசலில் கிடந்த நியான் முதல்முறையாக அந்த வார்த்தையைக் காது கொடுத்துக் கேட்டது. ஒத்துமையா? நடுங்குவதற்கு இப்படி ஒரு பெயரா? நம் பயத்தைத் தட்டி எழுப்பி, அதை ஊருக்குப் பாடம் என்று காட்டுகிறாரா?

"இனி நான் ஓடமாட்டேன்" என்றது.

"பைத்தியமா உனக்கு? பயமா இருக்காதா?" என்றது டைகர்.

"இருக்கும். அதை அவர் வேடிக்கை பாக்கக் குடுக்கமாட்டேன்."

மறுநாள் டாக்டர் இன்னும் நாலு பேரைக் கூட்டிவந்து தட்டினார். எல்லாம் ஓடின. நியான் தொட்டியின் நட்ட நடுவில் நின்றது. நீலக்கோடு வெளிறிப்போயிற்று. ஆனாலும் அசையவில்லை. டாக்டர் மறுபடி தட்டினார், பலமாக. நியான் அவர் முகத்தையே பார்த்தது.

"எல்லாம் ஒண்ணா இருக்கு, இது மட்டும் ஏன் சார் தனியா நிக்குது?" என்று ஒருவர் கேட்டார்.

டாக்டரின் முகம் சுருங்கியது. "சீக்குபோல. பிளாரன்ஸ், இத எடுத்துரு. மத்ததுக்கும் ஒட்டிக்கிடும்."

"நிறம் வெளுத்துத்தான் போச்சு சார், பாவம்" என்றபடி அவள் வலையை எடுத்தாள்.

"அதுக்குச் சீக்கு ஒண்ணுமில்ல!" என்று டைகர் செடிக்குப் பின்னாலிருந்து கத்தியது. ஃபில்டரின் இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை.

நியானை ஒரு காலி ஜாம் பாட்டிலில் விட்டு, மருந்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்கள். அங்கே, அந்த வாரம் முடிவதற்குள், அது இறந்துபோனது.