அரை வைத்தியர்களும் அரை வாத்தியாரும்

முதல் மதிப்பெண் வாங்கிய டாக்டர்களின் கதையைச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மூன்றாவது தடவையாக முதலாம் ஆண்டு படித்த கோமதிநாயகத்தின் கதையைச் சொல்ல என்னை விட்டால் நாதியில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

மருத்துவக் கல்லூரியில் மற்ற பாடமெல்லாம் எப்படியோ தேறிவிட்டான். உடற்கூறியல் மட்டும் இரண்டு தடவை போய்விட்டது. அதிலும் தலை, கழுத்து நரம்புகள் என்றாலே புத்தகத்தை மூடிவிடுவான். இந்தத் தடவையும் போனால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான் என்று கல்லூரியில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். அவன் அப்பாவோ, பையன் சேர்ந்த அன்றைக்கே வீட்டு வாசலில் 'டாக்டர் கோமதிநாயகம்' என்று பலகை மாட்டிவிட்டார். மனுஷனுக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்தப் பலகையைக் கழற்ற அப்பா ஏணி ஏறுகிற மாதிரி அவனுக்கு வாரம் இரண்டு தடவை கனவு வரும்.

துணைக்கு இன்னும் இரண்டு ரத்தினங்கள், ஜெபசிங்கும் திலகவதியும். அதே பாடம், அதே இரண்டு தடவை. மூன்று பேருக்கும் மூளை இல்லை என்று சொல்லிவிட முடியாது. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள், அந்த ஒரு கோளாறுதான்.

பேராசிரியர் வைகுண்டமணி மூவரையும் டிசெக்‌ஷன் ஹாலுக்குக் கூட்டிப்போய் ஒரு மேசை முன்னால் நிறுத்தினார். மேசைமேல் தட்டில், மருந்தில் ஊறிய பாதித் தலை. உடலைத் தானமாகக் கொடுத்த யாரோ ஒரு புண்ணியவானின் இடது பாதி, கழுத்தோடு. இந்தப் பக்கம் பார்த்தால் முகமும் காதும். அறுத்த பக்கம் பார்த்தால் மூளையும் நாக்கும். நரம்பெல்லாம் தெரியும்படி பக்குவமாகத் தோல் நீக்கி வைத்திருந்தார்கள்.

"இவர்தான் உங்க முதல் ஆசிரியர்," என்றார் வைகுண்டமணி. "என்னைவிட இவருக்கு நிறையத் தெரியும். மரியாதையா நடந்துக்குங்க. எந்தச் சந்தேகமானாலும் இவர்கிட்டக் கேளுங்க, இவரே சொல்லுவார். கண்ணை இமைக்காமப் பாருங்க."

சொல்லிவிட்டு அவர் காப்பி குடிக்கப் போனார். போயிருக்கக் கூடாது.

மூவரும் கைகூப்பி வணக்கம் சொன்னார்கள். உட்காரச் சொல்வார் என்று நின்றார்கள். அவர் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் நின்றார்கள், அதுவும் கண்ணை இமைக்காமல். பதப்படுத்துகிற மருந்தின் நெடி தெரியுமே, வெங்காயம் அதனிடம் பிச்சை வாங்கவேண்டும். மூவர் கண்ணிலும் தாரை தாரையாய்க் கொட்டியது.

ஹாலைக் கூட்ட வந்த பேச்சிமுத்து விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டார். "ஏம்மா, உங்களுக்குச் சொந்தமா?" என்றார் இரக்கத்தோடு.

"வாத்தியார்," என்றாள் திலகவதி மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

பேச்சிமுத்து தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் கோமதிநாயகம் பணிவாகத் தொடங்கினான். "சார், நாக்கை அசைக்கிற நரம்பு எது சார்?"

சார் வாயைத் திறக்கவில்லை. மூன்று தடவை கேட்டான். ம்ஹூம்.

"நம்ம கேக்கது அவருக்குக் கேக்கலடே," என்றான் ஜெபசிங். "நீ அறுத்த பக்கமா நிக்க. காது அந்தால இருக்கு."

நியாயமான பேச்சு. மூவரும் மேசையைச் சுற்றிக் காதுப் பக்கம் வந்து, ஒருவர் மாற்றி ஒருவர் உரக்கக் கேட்டார்கள். பதில் இல்லை.

"காது மந்தமோ என்னவோ," என்றாள் திலகவதி. "பெரியவரைச் சும்மா குறை சொல்லக் கூடாது. கேக்கற நரம்பு சரியா இருக்கான்னு பார்ப்போம்."

கேட்கிற நரம்பு எது என்று அப்போதுதான் புத்தகத்தைப் புரட்டினார்கள். எட்டாவது நரம்பு. மூளைத்தண்டில் கிளம்பி, எலும்பில் ஒரு துளைக்குள் நுழைந்து, உள்காதுக்குப் போகிறது. இடுக்கியால் நூல் பிடித்த மாதிரி தொடர்ந்து போனார்கள். இரண்டு நாள் ஆயிற்று. நரம்பு நூற்றுக்கு நூறு சரியாக இருந்தது.

"அப்போ கேக்குது," என்றான் கோமதிநாயகம். "ஆனா உதடு அசையல."

உதட்டை அசைப்பது ஏழாவது நரம்பு. காதுக்குக் கீழே வெளியே வந்து, கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் புகுந்து, ஐந்தாகப் பிரிகிறது. கன்னத்தில் கையை விரித்து வைத்துக்கொண்டால் ஐந்து கிளையும் ஞாபகம் இருக்கும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. எப்போது கையை எடுக்கலாம் என்று போடவில்லை. ஜெபசிங் மூன்று நாள் கன்னத்தில் வைத்த கையோடு திரிந்தான். விடுதிச் சமையல்காரர் பல்வலி என்று நினைத்துத் தினமும் ஒரு கிராம்பு கொடுத்தார். அவனும் வாங்கி மென்றான்.

ஏழாவது நரம்பிலும் குற்றம் இல்லை. நாக்குக்கு வரும் பன்னிரண்டாவது நரம்பையும் தாடைக்கு அடியில் தேடிப் பிடித்தார்கள். அதுவும் திவ்யமாக இருந்தது.

"பாதி நாக்குதான இருக்கு, அதான் பேச வரல," என்றான் ஜெபசிங்.

"பாதி நாக்குன்னா பாதி வார்த்தையாவது வரணுமே," என்றாள் திலகவதி.

கோமதிநாயகம் வேறு வழி சொன்னான். "பேச முடியலைன்னா போகுது. ஆமா, இல்லைன்னு தலையாவது ஆட்டலாம்லா?"

கழுத்தைத் திருப்புகிற தசைக்குப் போவது பதினொன்றாவது நரம்பு. அதையும் பார்த்தாயிற்று. கேட்க, பேச, தலையாட்ட, போதாதற்குப் பார்க்க, மோப்பம் பிடிக்க, மெல்ல என்று ஒன்று பாக்கியில்லாமல் நரம்பெல்லாம் சோதித்தாயிற்று. ஒன்றிலும் பழுதில்லை. இப்படியே ஒரு மாதம் ஓடிவிட்டது. பரீட்சைக்கு இன்னும் ஒரே நாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. வேணும்னே பேசாம இருக்கார்," என்று திலகவதி கடைசியில் கண்டுபிடித்துச் சொன்னாள். "ரெண்டு தடவை ஃபெயிலானவங்கன்னு நம்ம மேல கோபம்."

கோமதிநாயகத்துக்கு அழுகை முட்டியது. முதல் ஆசிரியரே முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால் எங்கே தேறுவது? வாசல் பலகை கண்முன் ஆடியது. மூவரும் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். காதுப் பக்கம்தான் வைத்தார்கள். பிறகு நினைத்துக்கொண்டு கண்ணுக்கு நேராக நகர்த்தினார்கள்.

பரீட்சைக்கு வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்தார். எத்தனையோ பேரை அழவைத்து அனுப்பியவர் என்று பேர். கோமதிநாயகம் முதலில் போனான். அவர் அதே பாதித் தலையில் இடுக்கியால் ஒரு நரம்பைத் தூக்கினார்.

"பன்னிரண்டாவது சார்," என்றான் அவன். எங்கே கிளம்புகிறது, எந்தத் தசையைத் தாண்டுகிறது, அது அறுந்தால் நாக்கு எந்தப் பக்கம் சாயும், எல்லாம் ஒப்பித்தான். அடுத்ததைத் தூக்கினார். அதையும் சொன்னான். பத்து நரம்பு தூக்கினார், பத்தையும் சொன்னான். தேர்வாளர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார்.

"பிரமாதம். இவ்வளவு சுத்தமா எப்படிப் படிச்ச?"

"என்ன படிச்சு என்ன சார்," என்றான் கோமதிநாயகம். "எல்லா நரம்பும் சரியா இருந்தும் இவர் எங்ககிட்ட ஒரு வார்த்தை பேசலையே சார்."

"செத்தவர் எப்படிப்பா பேசுவார்?"

கோமதிநாயகம் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"எப்போ சார்?"

தேர்வாளர் மெல்லத் திரும்பி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த வைகுண்டமணியைப் பார்த்தார். வைகுண்டமணி ஜன்னலைப் பார்த்தார்.

"பாடத்துல ஏதாவது தப்பாச் சொன்னானா சார்?" என்று கேட்டார் வைகுண்டமணி.

"ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

"பாஸ் போட்டுடுங்க சார். ஃபெயிலாப் போனா, ஏன்னு கேட்டு மறுபடி இவர் முன்னாலதான் வந்து நிப்பான், என்னால தாங்க முடியாது."

மற்ற இருவரும் அதே மாதிரி அப்பழுக்கில்லாமல் பதில் சொன்னார்கள். மூவரும் தேறிவிட்டார்கள். பலகை தப்பித்தது. ஊரில் அப்பா தெருவுக்கே லட்டு கொடுத்தார். இங்கே கோமதிநாயகம் டிசெக்‌ஷன் ஹால் வாசலில் தலைகுனிந்து நின்றான்.

"நாம பாஸானதப் பாக்க அவருக்குக் கொடுத்து வைக்கலயே," என்றான்.

"போன மாசம்கூட நல்லாத்தானடே இருந்தார்," என்றான் ஜெபசிங்.

ஆசிரியர் காலமானால் கல்லூரிக்கு ஒரு நாள் விடுமுறை விடுவது வழக்கம். திலகவதி மனு எழுதினாள். எழுதும்போது ஒரு நியாயம் அவளை உறுத்தியது. பாதி ஆசிரியருக்கு முழு நாள் கேட்பது முறையில்லை என்று அரை நாள்தான் கேட்டாள். அலுவலகத்தில் 'ஆசிரியர் மறைவு' என்பது வரைக்கும் படித்தார்கள், முத்திரை குத்தினார்கள், மத்தியானம் கல்லூரி மூடியாயிற்று. யார் போனது என்று தெரியாமல் வாத்தியார்மார் எல்லாரும் ஒருவரை ஒருவர் எண்ணிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

மூவர் மட்டும் போகவில்லை. பேச்சிமுத்துவிடம் விசாரித்துக்கொண்டு கல்லூரி மியூசியத்துக்குப் போனார்கள். அங்கே அலமாரியில், கண்ணாடி ஜாடிக்குள் இருந்தது, அதே புண்ணியவானின் வலது பாதி.

"இவருக்கு இன்னும் யாரும் சொல்லலைன்னு நினைக்கேன்," என்றான் கோமதிநாயகம். தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் போனான்.

ஜெபசிங் அவன் கையைப் பிடித்து இழுத்தான். "இந்தப் பக்கம் வாடே. இவருக்குக் காது வலப்பக்கம்."

"பட்டுன்னு போட்டு உடைச்சிடாதே, நாயகம். பக்குவமாச் சொல்லு," என்றாள் திலகவதி காதோடு. "மனுஷன் ஏற்கெனவே பாதியாப் போயிட்டார்."