உடும்பின் விமானமும் முயலின் காதும்

கரட்டுப்பாறைக் காட்டில் வேலப்பன் என்றொரு கிழ உடும்பு இருந்தது. இளமையில் மூங்கிலையும் பனையோலையையும் நாரால் கட்டித் தானே ஒரு விமானம் செய்திருந்தது. பாறை உச்சியிலிருந்து உருட்டி விட்டுக் காலால் மிதித்தால் போதும், முன்னால் ஓலைக் காற்றாடி சுழலும். விமானம் எழும்பிவிடும்.

வயது ஏற ஏற, குறை எல்லாம் விமானத்தின் தலையில் விழுந்தது. இருக்கையில் தொப்பை இடித்தால், "மூங்கில் சுருங்கிப்போச்சு!" என்றது. குளம் மங்கலாகத் தெரிந்தால், "இந்த வருஷம் பனி ஜாஸ்தி!" என்றது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

ஒரு விஷயத்தில் மட்டும் அதற்கு ஒரே பெருமை. "முன்னெல்லாம் என் விமானம் கிரீச் கிரீச்சென்று கத்தும். இப்போ பாருங்க, சத்தமே இல்லை! பழகப் பழகத்தான் பதம்!"

விமானம் முன்னைவிடப் பலமாகவே கத்திக்கொண்டிருந்தது. காதுதான் போய்விட்டது. அது வேலப்பனுக்கும் உள்ளூரத் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் பறக்கிறவருக்குக் காது கேட்கிறதா என்று காட்டுப் பெரியவர் ஆந்தையார் வருடா வருடம் பரீட்சை வைப்பார். தோற்றால் விமானத்தைப் பிரித்து யானைக்குப் படுக்கை போட்டுவிடுவார்கள். வேலப்பனுக்கு அதுதான் பயம். விமானம் இல்லாவிட்டால் தானும் தரையோடு தரையாய் ஊர்கிற ஒரு உடும்புதானே!

அது முயல் செவத்தியைத் தேடிப் போனது. காட்டிலேயே கூர்மையான காது செவத்திக்கு. காட்டிலேயே பெரிய பயந்தாங்கொள்ளியும் அவள்தான்.

"புள்ள, இருக்கைக்கு அடியில் ஒளிஞ்சுக்கோ. ஆந்தை கேட்கிற கேள்விக்கு ஆமான்னா என் வாலை ஒருதரம் இழு. இல்லைன்னா ரெண்டுதரம். ஒரு கூடைக் கிழங்கு தர்றேன்!"

"தரையிலதானே அண்ணே?" என்றாள் செவத்தி.

"தரையிலதான்! சத்தியம்!"

பரீட்சை நாள் வந்தது. பாறை உச்சியில் வேலப்பன் விமானத்தில் ஏறி உட்கார்ந்தது, செவத்தி இருக்கைக்கு அடியில் ஒளிந்துகொண்டாள். ஆந்தையார் பின்னால் நின்று மெல்ல முணுமுணுத்தார். "இன்று வெயில் அதிகமோ?"

வால் ஒருமுறை இழுபட்டது. "ஆமாம் ஐயா!" என்றது வேலப்பன்.

"நீ ஒரு முட்டாளோ?"

செவத்தி பொய் சொல்லாதவள். ஒரே ஒரு இழு இழுத்தாள்.

"ஆமாம் ஐயா! அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம்!"

காடே சிரித்தது. ஆந்தையாரும் சிரித்துவிட்டார். "காது நன்றாகத்தான் இருக்கிறது. எங்கே, ஒரு சுற்று பறந்து காட்டு!"

வேலப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆந்தையின் கண்ணெதிரே முயலை எப்படி இறக்கி விடுவது? வேறு வழியில்லாமல் விமானத்தை உருட்டி விட்டது. "ஐயோ, என்னை இறக்கி விடுங்க!" என்று செவத்தி அலறினாள். விமானம் போட்ட கிரீச்சில் யாருக்குக் கேட்டது?

குளத்துக்கு மேலே போனபோது இடது இறக்கையில் கிரீச், கிரீச், பட்! நார்க்கட்டு அவிழ்கிறது! செவத்தி வாலை இரண்டு முறை இழுத்தாள்.

"இல்லை!" என்று வானத்தைப் பார்த்து உரக்கச் சொன்னது வேலப்பன்.

ஒருமுறை இழுத்தாள்.

"ஆமாம்!"

செவத்திக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. வாலைக் கடித்தாள். வேலப்பன் துள்ளித் திரும்பியது. முயலின் வாய் திறந்து திறந்து மூடுவது தெரிந்தது.

"ஆமா புள்ள, நல்ல காத்து!" என்றது அசட்டுச் சிரிப்போடு.

செவத்தியின் கண்ணில் நீர் வழிந்தது. அதைப் பார்த்ததும் வேலப்பனின் சிரிப்பு செத்தது. வெட்கமாக இருந்தது. இந்தச் சின்ன உயிரைத் தன் வீம்புக்காக ஆகாயத்தில் தூக்கி வந்துவிட்டோமே!

"எனக்குக் கேட்கலை, செவத்தி. ரொம்ப நாளாவே எதுவும் சரியா கேட்கலை. கையைக் காட்டிச் சொல்லு!"

செவத்தி இறக்கையைக் காட்டிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வேலப்பன் பாய்ந்து அவிழ்ந்த மூங்கிலைப் பற்றிக்கொண்டது. உடும்புப் பிடி! "நீ திருப்புகோலைப் பிடி! கண்ணைத் திற!"

"மாட்டேன்!" என்றாள் செவத்தி. ஆனால் கோலைப் பிடித்தாள். விமானம் தள்ளாடித் தள்ளாடி வந்து குளத்துச் சேற்றில் சொத்தென்று விழுந்தது.

சேற்றிலிருந்து இரண்டு தலைகள் எழுந்ததைப் பார்த்ததும் ஆந்தையாருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"ஐயா, நான் செவிடு. ஏமாத்திட்டேன். விமானத்தைப் பிரிச்சுடுங்க," என்றது வேலப்பன்.

ஆந்தையார் அதன் காதருகே வந்து கத்தினார். "உனக்குக் காது இல்லை. இவளுக்குத் துணிச்சல் இல்லை. தனித்தனியே பார்த்தால் இரண்டு பேரும் தோல்வி! ஒன்றாக ஏறினால் மட்டும் அனுமதி!"

"நான் வரமாட்டேன்! சத்தியமா வரமாட்டேன்!" என்று செவத்தி குதித்தாள்.

வேலப்பன் முதன்முறையாக எல்லோர் முன்னாலும் காதில் கையைக் குவித்துக்கொண்டது. "என்ன புள்ள சொன்னே? நாளைக்கே வர்றேங்கிறியா?"

தன் இயலாமையை மூடி மறைக்கிறவன் துணைக்கு வந்தவரையும் சேர்த்துக் கவிழ்ப்பான். அதை வாய்விட்டுச் சொல்கிறவனுக்கோ வயதான பிறகும் வானம் உண்டு.